பழைய பிரைம் மூவரா, புதியதா? கொழும்பில் கொள்கலன் ஓட்டத்துக்கு வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது விலையை. அதற்கும் முன்னால், அந்த வண்டி மாதத்தில் எத்தனை கிலோமீற்றர் ஓடப் போகிறது, எத்தனை மணித்தியாலம் வரிசையில் நிற்கப் போகிறது என்று கணக்குப் போட வேண்டும். துறைமுக முனையத்திலிருந்து ஒருகொடவத்தை, பேலியகொடைக் களஞ்சியங்களுக்குப் போய்த் திரும்பும் வண்டி ஒரு வகை; அம்பாந்தோட்டைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பாரம் இழுக்கும் வண்டி வேறு வகை. ஒன்றுக்குப் பொருந்தும் வண்டி மற்றதில் முதலாளியின் கையைக் கடித்துவிடும்.

பழைய வண்டி என்று இங்கே நான் சொல்வது, பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பூசோ, இசுசு, ஹினோ, நிசான் டீசல் வகைகளை. டீசலை அளந்து அனுப்புவதற்கு இவற்றில் இயந்திரப் பம்ப் மட்டுமே உண்டு, கணினி கிடையாது. பூசோவின் 8டிசி9 போன்ற, டர்போ இல்லாத, 16 லீற்றர் கொள்ளளவு கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கிராண்ட்பாஸ் பக்கத்துக் கராஜ் ஒன்றில் ஸ்பானர்களை மட்டும் வைத்துப் பிரித்து மீண்டும் பொருத்திவிடலாம். பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தையில் அரைநாள் அலைந்தால் போதும். புதிய வண்டியில், கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் முறையில் டீசல் 1,600 பார் அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் பீச்சப்படுகிறது. டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் இடைவெளிகள் மிக நுண்ணியவை என்பதால், பழைய பம்ப் பொறுத்துக்கொள்ளும் தண்ணீரும் தூசும் இதனைப் பாழாக்கிவிடும். மலிவு என்று கலப்பட டீசல் அடிக்கும் பழக்கமுள்ளவர் புதிய வண்டியை நினைக்காமலிருப்பதே நல்லது.

எரிபொருள் கணக்கை ஒரு கற்பனை எண்ணோடு பார்க்கலாம். பாரத்தோடு பழையது லீற்றருக்கு 2 கிலோமீற்றரும், புதியது 3 கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 கிலோமீற்றர் மட்டும் ஓடினால் வித்தியாசம் 200 லீற்றர்தான். புதிய வண்டியின் தவணை அதைவிடப் பல மடங்காக இருக்கும். அதே வண்டிகள் 6,000 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 1,000 லீற்றர் மிச்சமாகிறது. அப்போதுதான் புதியதை வாங்குவது பேச்சுக்கே வருகிறது. உங்கள் பாதையின் உண்மையான எண்களை இதே பாதையில் ஓடும் சாரதி ஒருவரிடம் கேட்டு இந்தக் கணக்கில் போடுங்கள். விற்பவர் சொல்லும் எண்ணைப் போட வேண்டாம்.

குறுகிய ஓட்டத்தில் புதிய வண்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. டிபிஎஃப் எனப்படும் புகை வடிகட்டி பொருத்திய வண்டிகளில், வடிகட்டியில் சேரும் கரியை எரித்துத் தீர்க்க வெளியேறும் புகை நன்றாகச் சூடாக வேண்டும். முனைய வாசலில் ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டு நின்று, பிறகு ஏழு எட்டுக் கிலோமீற்றர் நகரும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். புகையைச் சுத்தமாக்கும் யூரியா முறை உள்ள வண்டியாயின், 32.5 சதவீத யூரியாக் கரைசலான அட்புளூவையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். உர யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது அந்த முறையையே கொன்றுவிடும். இத்தகைய வண்டிக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல்தான் ஏற்றது. அந்த விலையும் மேலே போட்ட கணக்கில் சேர வேண்டும்.

மலைப்பாதையில் நிலைமை தலைகீழ். மாவனெல்லைக்கு மேலே கடுகண்ணாவை ஏற்றத்தில் பழைய எஞ்சின் மூச்சுவாங்கும் என்பது சிறிய தொல்லை. இறக்கம்தான் ஆபத்து. புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் பழைய எக்சோஸ்ட் பிரேக்கை மட்டும் நம்பி, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கால் பிரேக்கை மிதிக்காமலே வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டரும், சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள புதிய வண்டி அந்த இறக்கத்தில் தன் விலைக்கு நியாயம் சொல்லும். கண்டிப் பக்க ஓட்டம் வாரத்துக்கு இரண்டு முறை இருந்தால் நான் வேறு கணக்கே பார்க்க மாட்டேன்.

பழையதைத் தெரிந்தெடுத்தால், பார்க்கப் போகும் நேரம் முக்கியம். வத்தளையில் ஒரு வண்டியைப் பார்க்க அதிகாலை ஆறு மணிக்கே போனேன். கெபினைச் சாய்த்து எஞ்சின் மீது கை வைத்தால் சுடச்சுட இருந்தது. குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை, விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தார். திரும்பி வந்துவிட்டேன். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை பலமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பிரேக்குக்கான காற்று நிரம்பியபின் எஞ்சினை நிறுத்தி, காற்றழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று பத்து நிமிடம் கவனியுங்கள். காற்று டாங்கியின் வடிகாலைத் திறந்து தண்ணீரோடு எண்ணெய் வருகிறதா என்றும் பாருங்கள். எஞ்சினைவிட அடிச்சட்டமான சேஸி முக்கியம்: ட்ரெய்லரைத் தாங்கும் தட்டான பிஃப்த் வீலுக்குக் கீழேயும் பின் அச்சுத் தாங்கிகளின் அருகிலும் புதுப் பெயின்டின் கீழ் வெல்டிங் தழும்பு தெரிந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடலாம். ட்ரெய்லரும் சேர்த்து வாங்குவதாயின், பிஃப்த் வீலில் பூட்டும் முளையான கிங் பின்னை அளக்க வேண்டும், 50.8 மில்லிமீற்றர் விட்டமுள்ளது 49 வரை தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

புதிய வண்டியில் கையும் காதும் மட்டும் போதாது. ஸ்கேன் கருவியோடு வரும் ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து, பதிந்திருக்கும் பிழைகளை வாசித்துப் பாருங்கள். முதல் நாள் அழித்துவிட்டார்களோ என்று அறிய, அரை மணித்தியாலம் பாரத்தோடு ஓட்டிய பின் மறுபடியும் வாசியுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்தது. அப்படியான வெள்ளத்தில் நின்ற பழைய வண்டி எண்ணெய் மாற்றிப் பிழைத்துக்கொள்ளும். கணினி வண்டி ஆறு மாதம் கழித்து வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்போடு படுத்துவிடும். ஆசனத்தின் கீழும் பியூஸ் பெட்டியின் மூலைகளிலும் சேற்றுக் கோடு தேடுங்கள்.

விலையைப் பற்றி ஒன்று: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஏறிய பழைய வண்டி விலையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

முற்பணம் கொடுப்பதற்கு முன், பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனம் எதனதும் பெயர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, சேஸி இலக்கத்தின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அந்தத் தாளையும் சான்றிதழையும் அருகருகே பிடித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகு பணப்பையைத் திறக்கலாம்.