பாலர் பள்ளி வயதில் கூர்மையான பிள்ளைக்கு வீட்டில் ஈடுகொடுப்பது எப்படி?

நான்கு வயதில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையைக் கண்டதும், சிங்கப்பூரில் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தொடக்கநிலை 3இல், அதாவது தொடக்கப்பள்ளியின் மூன்றாம் ஆண்டில், கூடுதல் ஆற்றலுள்ளவர்களைத் தெரிவுசெய்ய நடக்கும் தேர்வுதான். 1984இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டம், ஏறத்தாழ நூற்றில் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்பு நடத்தியதால் அந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் அத்திட்டம் அப்போதிருந்த வடிவில் தொடராது என்றும், கூடுதல் ஆற்றலுள்ள மாணவர்களுக்கென ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் அளவில் வழிசெய்யும் என்றும் பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 ஆகஸ்டில் அறிவித்தார். ஆசிரியர் வகுப்பில் அன்றாடம் கவனிப்பதற்கும் இனி இடமுண்டு. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி நூல்களை வாங்கிக் குவிக்க முன்பு சொல்லப்பட்ட காரணமும் இப்போது இல்லை. அது நல்ல காரணம் என்று நான் எப்போதும் கருதியதில்லை.

முதல் வேலை, கேள்வியைக் கேட்டவுடன் விடையைச் சொல்லிவிடாமல் இருப்பது. ஒரு கடைத்தொகுதியின் மின்தூக்கியில் என் மகள், "கீழே போகப் போக நம்பர் சின்னதாகத்தானே ஆகணும்? பி1க்குக் கீழே ஏன் பி2?" என்று கேட்டாள். பி1, பி2 என்பவை நிலத்தடித் தளங்கள்; இங்கே தரைத்தளம்தான் முதல் மாடி. நான் விளக்கவில்லை. "மூன்றாம் மாடியிலிருந்து பி2க்கு எத்தனை மாடி இறங்கணும்?" என்று திருப்பிக் கேட்டேன். விரல்விட்டு எண்ணி ஐந்து என்றாள். தொடங்கும் மூன்றாம் மாடியையும் சேர்த்துவிட்டாள். மேலே போய், ஒவ்வொரு மாடியாக இறங்கி எண்ணிய பிறகு நான்கு என்று அவளே திருத்திக்கொண்டாள். எதிர்ம எண் என்ற சொல்லை நான் அன்று உச்சரிக்கவே இல்லை. அந்தச் சொல்லுக்கு உரிய காலம் வரும்போது அதை மாட்டிவைக்க அவளிடம் இப்போது ஓர் ஆணி இருக்கிறது.

அடுத்தது மொழி. தேர்வு ஆங்கிலத்தில்தானே என்று வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருக்கிறது. பாட்டியோடு வெங்காயம் உரிக்கும்போது "அடிக்காமல் அழவைப்பான், அவன் யார்?" என்ற விடுகதைக்கு விடை தேடும் பிள்ளை, குறிப்புகளைச் சேர்த்து முடிவுக்கு வரப் பழகுகிறது. விடையைக் கண்டுபிடித்தபின் பிள்ளையையே புதிய விடுகதை ஒன்று கட்டச் சொல்லுங்கள். அதுதான் கடினமான பகுதி. பொது நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்களை எடுத்து வந்து, ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள்.

எண்களுக்குப் பல்லாங்குழியைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாக எழுபது முத்துகளை இடும்போதே பெருக்கல் கைக்கு வந்துவிடுகிறது. சில வாரங்களில் பிள்ளை, எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று ஆடுவதற்கு முன்பே கண்ணால் அளக்கத் தொடங்கும். அப்போது வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காதீர்கள். எல்லாம் எளிதாக வந்து பழகிய பிள்ளை, முதல் தடுமாற்றத்திலேயே "எனக்கு இது வேண்டாம்" என்று ஒதுங்கிவிடும். ஆகவே எளிதில் வராத ஒன்றை, காலணிக் கயிறு கட்டுவதையோ மிதிவண்டி ஓட்டுவதையோ, எப்போதும் கையில் வைத்திருக்கச் செய்யுங்கள். "நீ கெட்டிக்காரி" என்பதைவிட, "இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்து பார்த்தாயே" என்பது அதற்குப் பயன்படும் பாராட்டு.

எட்டு வயதுப் பிள்ளையைப் போல வாசிக்கும் குழந்தை, காலுறை கோணலாக இருப்பதற்காக நான்கு வயதுப் பிள்ளையாகவே அழும். அறிவு முந்திச் செல்வதால் மனமும் முந்தியிருக்கும் என்று எண்ணி அதட்டிவிடக் கூடாது. தூக்கத்தையும் மற்றப் பிள்ளைகளோடு ஓடியாடும் நேரத்தையும் எந்த வகுப்புக்காகவும் குறைக்காதீர்கள்.

பிள்ளை கேட்கும் கேள்விகளைத் தேதியிட்டு ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். தொடக்கநிலை 1இல் ஆசிரியரை முதன்முறை சந்திக்கும்போது, "என் பிள்ளை புத்திசாலி" என்று சொல்வதற்குப் பதிலாக அதில் இரண்டு பக்கங்களைக் காட்டுங்கள்.