பின் லாக் உள்ளே விழுந்ததா? கிக்கரைத் தொடாதீர்கள்

வீட்டு வாசலிலேயே இன்ஜினைப் பிரிக்கும் பையன்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாதி வேலையில் பட்டறைக்கு ஓடி வருகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றேதான்: "அண்ணே, லாக்கு துள்ளிடுச்சு, உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு தெரியல." போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவது, ரிங்கைத் தலைகீழாகப் போடுவது பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் இந்த லாக் விஷயத்தில் நடக்கும் தவறுகளுக்கு மட்டும் வருகிறேன். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் சின்னக் கம்பி வளையம்தான் இந்த லாக்.

திறந்து போட்டபடி வேலை செய்வது

பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, உருவியதும் கனெக்டிங் ராடைச் சுற்றிக் கிராங்க் கேஸ் என்கிற இன்ஜினின் அடிக்கூடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பிஸ்டன் பின் லாக்கில் கை வைப்பதற்கு முன்பே அந்த இடத்தைச் சுத்தமான பனியன் துணியால் அடைத்துவிட வேண்டும். நூல் பிரிகிற காட்டன் வேஸ்ட் வேண்டாம். அந்த நூலே ஆயில் போகும் வழியில் சிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி என்றால் டைமிங் செயின் போகிற குழியையும் அடையுங்கள். வால்வைப் பிடித்திருக்கும் குட்டி லாக் துள்ளினால் நேராக அதில்தான் இறங்கும். பின் லாக்கை நோஸ் பிளையரால் இழுக்கும்போது மறுகைப் பெருவிரல் அதன்மேல் இருக்கட்டும். அது ஸ்பிரிங் எஃகு, பிடி விட்டால் பறக்கும்.

"தரையில எங்கயாச்சும் கிடக்கும்ணே"

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒரு பையன் ஸ்ப்ளெண்டருக்குப் பிஸ்டன் மாற்றினான். லாக் துள்ளியது. கொஞ்ச நேரம் தரையைத் தடவிப் பார்த்தான், கிடைக்கவில்லை. கடைக்குப் போய்ப் புது லாக் வாங்கி வந்து மாட்டி, பிளாக்கை இறக்கி, ஹெட்டை முறுக்கிவிட்டான். வண்டியும் ஸ்டார்ட் ஆனது, சத்தமே இல்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம். சில நாள் கழித்து அடியில் 'கரகர'வென்று கேட்கிறது என்று கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தால், லாக் கிராங்கின் கனத்த தட்டுக்கும் (வெப்) கேஸ் சுவருக்கும் நடுவே மாட்டி நசுங்கியிருந்தது. அலுமினியத்தில் விரல் நகம் இறங்கும் அளவுக்குக் கோடு. உடைந்த துண்டு ஒன்று கியர் பல்லையும் பதம் பார்த்திருந்தது. ஸ்ப்ளெண்டரில் கிராங்க், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். உள்ளே விழுந்தது எங்கே வேண்டுமானாலும் பயணம் போகும். லாக் விலை சில ரூபாய். அவன் கட்டியது முழு இன்ஜின் வேலைக்கான பில்.

புது லாக் கையில் வந்ததும் பழைய லாக்கின் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. பழையது கண்ணில் படும்வரை அது இன்ஜினுக்குள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அபத்தம், "சுத்திவிட்டா மேல வந்துடும்" என்று கிக்கரை மிதிப்பது. வராது. விழுந்த இடத்தில் சும்மா கிடந்ததைக் கிராங்க் இழுத்துக்கொண்டு போய் அடியில் செருகிவிடும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் கதை வேறு. அதில் கியர் பாக்ஸ் தனி, அந்த மட்டில் தப்பித்தோம். ஆனால் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குள் திறக்கும் டிரான்ஸ்பர் போர்ட்டுக்கு ஏறுகிறது. அதோடு ஒரு துண்டு மேலே போனால் பிஸ்டன் தலையும் ஹெட்டும் குத்துப்பட்டுவிடும்.

சரி, விழுந்துவிட்டது. என்ன செய்வது? எதையும் சுற்றாதீர்கள். முதலில் வெளியே தேடுங்கள். தரையைக் கூட்டி அந்தக் குப்பையில் காந்தத்தை ஓட்டுங்கள். சட்டைப் பை, லுங்கி மடிப்பு, இன்ஜின் ஃபின் இடுக்கு, கீழே வைத்த ஆயில் தட்டு, ஒன்றையும் விடாதீர்கள். அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். காந்தக் குச்சியை விட்டால் அது கிராங்கிலும் ராடிலும் போய் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அதை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி இறக்குங்கள். வண்டியை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கிடைக்கவில்லையா? ஆயிலை வடித்து, ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில் வலது பக்கக் கவரைக் கழற்றி, அடியில் உள்ள ஆயில் வலையைப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் இன்ஜினை இறக்கிக் கேஸைப் பிரிக்க வேண்டியதுதான். அன்றைய நாள் போயிற்று. போகட்டும்.

உடைந்த லாக்கின் ஒரு துண்டோடு திருப்திப்படுவது

கிடைத்த துண்டுகளை வெள்ளைத் தாளில் வைத்து, புது லாக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். குறைகிறது என்றால் மீதி உள்ளே.

காந்தம் எல்லாவற்றையும் எடுக்கும் என்று நம்புவது

எடுக்காது. செம்பு வாஷர், ஓ ரிங், பேக்கிங் துண்டு, அலுமினியச் சில்லு, இதற்கெல்லாம் கண்ணும் நீள மூக்கு இடுக்கியும்தான்.

விழாததற்குப் பதறுவது

பிளாக்குக்கு அடியில் உட்கார்ந்து அதை நேராக நிறுத்தும் டோவல் பின் என்கிற சின்னக் குழல் காணோம் என்று கேஸையே பிரிக்கக் கிளம்பியவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கழற்றி வைத்த பிளாக்கின் அடித் துளையிலோ, பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டோ இருக்கும். கழற்றியதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அழுங்கள்.

பழைய லாக்கையே மாட்டுவது

வேண்டாம். ஒருமுறை இழுத்து எடுத்த லாக்குக்கு முறுக்கு போயிருக்கும். புதியதை மாட்டும்போது அதன் இரண்டு நுனிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, பிஸ்டனில் பிளையர் நுழைய வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேராக வரக் கூடாது. நேர் மேலாகவோ நேர் கீழாகவோ இருக்கட்டும். மாட்டியபின் சின்ன ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். காடியில் முழுக்க உட்கார்ந்திருந்தால் வெளியே வராது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பனியன் துணியை எடுக்க வேண்டும்.