டெர்மினலில் முதல் எடிட்டர்: நானோவிலிருந்து தொடங்குங்கள்

லினக்ஸ் டெர்மினலில் ஏதோ ஒரு கட்டளை கொடுத்தீர்கள். திரை முழுக்க ஒரு எடிட்டர் திறந்துகொண்டது. தட்டுவது எதுவும் எழுத்தாக விழவில்லை, மூடவும் வழி தெரியவில்லை. இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறீர்களா? முதலில் வெளியே வந்துவிடுவோம். எஸ்கேப் விசையை அழுத்துங்கள். பிறகு கோலன் (:), கியூ, ஆச்சரியக்குறி (!), கடைசியாக என்டர். நீங்கள் மாட்டிக்கொண்டது விஐ அல்லது அதன் வழிவந்த விம். சேமிக்காத மாற்றங்கள் போய்விடும், ஃபைல் பழையபடியே இருக்கும்.

விஐ, 1976-இல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய எடிட்டர். எழுத ஒரு நிலை, கட்டளை கொடுக்க ஒரு நிலை என்று அதில் இரண்டு உண்டு. அதனால்தான் தட்டியது எழுத்தாகவில்லை. பழகியவர்களுக்கு அது நல்ல வேகம் தரும். ஆனால் இன்றைக்கு ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று வருபவருக்கு நான் தயங்காமல் சொல்வது நானோதான். உபுண்டு லினக்ஸில் முதல்முறை கிரான்டேப்பை (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியல்) திருத்தப் போனால், எந்த எடிட்டர் வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். அதிலேயே நானோவுக்கு அம்புக்குறி போட்டு, இருப்பதில் எளிது இதுதான் என்று குறித்திருப்பார்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பில் தன் இயல்பு எடிட்டராக நானோவுக்கு மாறியது.

படி 1: டெர்மினலில் என், ஏ, என், ஓ என்று சிறிய எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு ஏதாவது ஒரு ஃபைல் பெயர் கொடுத்து என்டர் அழுத்துங்கள். அப்படியே எழுதத் தொடங்கலாம்.

படி 2: திரையின் அடியில் இரண்டு வரிகள் தெரியும். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ^ என்றால் கன்ட்ரோல், எம் என்றால் ஆல்ட். அவ்வளவுதான்.

படி 3: சேமிக்க கன்ட்ரோல் + ஓ. இது எழுத்து ஓ, சுழியம் இல்லை. ஃபைல் பெயர் சரியா என்று கேட்கும், என்டர் கொடுங்கள். வெளியேற கன்ட்ரோல் + எக்ஸ். சேமிக்காமல் வெளியேறப் பார்த்தால் நானோவே கேட்கும்: ஒய் என்றால் சேமிக்கும், என் என்றால் விட்டுவிடும்.

படி 4: மற்ற இடங்களில் பழகிய விரல்கள் இங்கேதான் தடுமாறும். கன்ட்ரோல் + வி ஒட்டாது, அடுத்த பக்கத்துக்குப் போகும். வெளியிலிருந்து ஒட்ட கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. தவறை மீட்க கன்ட்ரோல் + இசட் உதவாது, ஆல்ட் + யூ அழுத்துங்கள். தேட கன்ட்ரோல் + டபிள்யூ. ஒரு வரியை வெட்ட கன்ட்ரோல் + கே, வெட்டியதை வேறு இடத்தில் ஒட்ட கன்ட்ரோல் + யூ.

படி 5: கணினியின் அமைப்புகள் இருக்கும் இடிசி (/etc) அடைவில் உள்ள ஃபைல்களைத் தொடும்முன் சிபி (cp) கட்டளையால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அவசரத்திலும் இதை மட்டும் விடாதீர்கள். அப்புறம் நானோவுக்கு முன்னால், நிர்வாகி அனுமதியோடு இயக்கும் சுடோ (sudo) கட்டளையைச் சேர்த்துத் திறங்கள். இல்லாவிட்டால் எல்லாம் எழுதி முடித்த பிறகு சேமிக்க அனுமதி இல்லை என்று வந்து நிற்கும்.

பழைய விசைகளை விட மனமில்லையா? மைக்ரோ என்ற எடிட்டரை நிறுவிப் பாருங்கள். டெபியன், உபுண்டு லினக்ஸ்களின் மென்பொருள் களஞ்சியங்களில் இருக்கிறது. கன்ட்ரோல் + எஸ், சி, வி, இசட் எல்லாம் நாம் எதிர்பார்க்கும் வேலையையே செய்யும், மவுஸும் இயங்கும். வெளியேற கன்ட்ரோல் + கியூ. ஆனால் எல்லா சர்வரிலும் இது இருக்காது; அதனால் நானோவையும் கைவசம் வைத்திருங்கள்.

தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால் மட்டும் டெர்மினல் வேண்டாம். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும், கர்சர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதற்கு கேட், மவுஸ்பேட் போன்ற சாளர எடிட்டர்களைத் திறந்துகொள்ளுங்கள்.