கோட் உதவி, வேலை ஆலோசனை: கேட்பவரும் சொல்பவரும் செய்கிற தவறுகள்

“என் கோட் வேலை செய்யவில்லை, யாராவது பார்க்க முடியுமா?” என்று ஒருவர் கேட்கிறார். வேலை செய்யவில்லை என்றால் என்ன? கம்பைலே ஆகவில்லையா (கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கே மாறவில்லையா), ஓடிக்கொண்டிருக்கும்போது எரர் அடித்து நிற்கிறதா, எரர் எதுவும் இல்லாமல் தப்பான விடை தருகிறதா, இல்லை திரையில் ஒன்றுமே வராமல் அப்படியே கிடக்கிறதா? நான்கும் நான்கு வேறு பிரச்சினைகள், தேட வேண்டிய இடங்களும் வேறு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே உதவ வந்தவர் நாலைந்து மெசேஜ் போட வேண்டியிருக்கும். பலர் அதற்கு முன்பே நகர்ந்துவிடுவார்கள்.

முன்பின் தெரியாத ஒருவரின் கோடில் இருக்கிற பக்கை, அதாவது பிழையை, தேடி ராத்திரி உட்காருகிற ஆட்கள் இந்தத் தொழிலில் நிறைய இருக்கிறார்கள். அந்த உதவியில் கணிசமான பங்கு வீணாவதற்குக் காரணம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பவர் தன் நிலைமையைச் சொல்வதில்லை, பதில் சொல்பவர் அதை விசாரிப்பதில்லை. கோடில் இப்படி ஆனால் சில மணி நேரம் போகும். வேலை பற்றிய ஆலோசனையில் ஆனால் சில வருஷங்கள் போகும்.

கேட்கும்போது

எரர் மெசேஜை முழுசாகக் கொடுங்கள். “ஏதோ ‘நல்’ (null) எரர் வருகிறது” என்பது போதாது. பைத்தானில் என்ன எரர் என்பது பொதுவாகக் கடைசி வரியில் இருக்கும், அது எந்த வழியாக வந்தது என்பது அதற்கு மேலே இருக்கும். ஜாவாவில் முதல் வரி ஒன்றைச் சொல்லும், ஆனால் உண்மையான காரணம் பல நேரம் கீழே ‘காஸ்ட் பை’ (Caused by) என்று தொடங்குகிற வரிகளில், அதுவும் கடைசியாக வருவதில் ஒளிந்திருக்கும். நீளமாக இருக்கிறதே என்று முதல் பத்து வரியை மட்டும் வெட்டி ஒட்டுபவர்கள் சரியாக அந்த வரியைத்தான் விட்டுவிடுவார்கள்.

ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், மொபைலில் மானிட்டரைப் படம் பிடித்து அனுப்புவது சுத்தமாக வேண்டாம். படத்தில் இருக்கிற கோடை யாராலும் காப்பி பண்ணி ஓட்டிப் பார்க்க முடியாது, எரரைத் தேடவும் முடியாது. டிசைன் கலைந்து தெரிகிறது, பட்டன் தப்பான இடத்தில் இருக்கிறது என்றால் படம் அவசியம்தான், மற்றபடி எழுத்தாகவே ஒட்டுங்கள். வெர்ஷனையும் எண்ணாகச் சொல்லுங்கள். “லேட்டஸ்ட்தான் போட்டிருக்கிறேன்” என்று சொல்பவரின் கம்ப்யூட்டரில் இரண்டு பைத்தான் இருந்து, அவர் லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த தயார் கோடை) ஒன்றில் போட்டுவிட்டு கோடை இன்னொன்றில் ஓட்டிக்கொண்டிருப்பது ரொம்ப சாதாரணமாக நடப்பது.

இதைவிடப் பெரிய தவறு, பிரச்சினையைச் சொல்லாமல் தனக்குத் தோன்றிய தீர்வைப் பற்றி மட்டும் கேட்பது. ஜாவாஸ்கிரிப்டில் ஒருவர் கேட்கிறார்: “ஒரு ஃபங்ஷனை இரண்டு வினாடி நிறுத்தி வைப்பது எப்படி?” கேள்வி தெளிவாக இருக்கிறது, பதிலும் சுலபம், பத்து பேர் உடனே சொல்வார்கள். ஆனால் எதற்காக நிறுத்த வேண்டும் என்று கேட்டால்தான் தெரியும், சர்வரிலிருந்து வர வேண்டிய டேட்டா வருவதற்குள் அடுத்த வரி ஓடிவிடுகிறது, மாறியில் ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பு எதுவும் இல்லை) என்று வருகிறது, இரண்டு வினாடி தாமதித்தால் வந்துவிடுகிறது. அவருக்குத் தேவை தாமதம் கிடையாது, ‘அவெய்ட்’ போட்டு டேட்டா வரும்வரை காத்திருப்பது. இரண்டு வினாடித் தீர்வு அவருடைய வேகமான இணைப்பில் அழகாக வேலை செய்யும், மெதுவான நெட்வொர்க்கில் இருக்கிற யூசரிடம் போய் உடையும். அதனால் கேள்வியோடு “கடைசியில் நான் செய்ய நினைப்பது இது” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பதில் சொல்கிறவர்களும் கேள்வி விசித்திரமாகத் தெரிந்தால் “எதற்காக?” என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் 800 வரி கோடை மொத்தமாகக் கொட்டுவது. யாரும் படிக்க மாட்டார்கள். எரர் வருவதற்குத் தேவையான அளவு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை ஓட்டி, எரர் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். திடீரென்று எரர் மறைந்தால் கடைசியாக வெட்டிய துண்டில்தான் விஷயம் இருக்கிறது, பெரும்பாலும் யாரிடமும் கேட்கவே தேவையிருக்காது. வெட்டி முடித்ததை அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்கள், நினைவிலிருந்து மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அசல் கோடில் இருக்கிற பிழை தானாகச் சரியாகிவிடும், இல்லாத புதுப் பிழை ஒன்று வந்து சேரும். உதவ வந்தவர் அந்தப் புதுப் பிழையைக் காட்டி “இதுதான் காரணம்” என்பார், நீங்கள் “அது டைப்பிங் மிஸ்டேக்” என்பீர்கள், அவருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான்.

ஒட்டுவதற்கு முன் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தருகிற ரகசியக் குறியீடு), டேட்டாபேஸ் முகவரி, வாடிக்கையாளர் விவரம் எதுவும் அதில் இல்லையே என்று பாருங்கள். கோடைச் சேமித்துப் பகிர்கிற தளமான கிட்ஹப்பில் பொதுவில் போட்ட கீயைத் தேடி எடுப்பதற்கென்றே தானியங்கி புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தவறிப் போட்டுவிட்டால் அந்த வரியை அழித்து இன்னொரு கமிட் (மாற்றத்தின் பதிவு) போடுவதால் பயனில்லை, பழைய கமிட்டில் அது பத்திரமாக இருக்கும். கீயை உடனே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள், சுத்தம் செய்யும் வேலையெல்லாம் அதற்கு அப்புறம்.

“ஒரு சந்தேகம் கேட்கலாமா?” என்று அனுமதி வாங்கக் காத்திருக்க வேண்டாம், நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் கிடைத்ததும் “சரியாகிவிட்டது, நன்றி” என்று மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போகவும் வேண்டாம். எது சரி செய்தது என்று ஒரு வரி எழுதினால் அடுத்து அதே எரரோடு வருபவருக்கு உதவும்.

பதில் சொல்லும்போது

2006இல் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். டெபியன் லினக்ஸ் என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில், தகவலை ரகசியமாக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற மென்பொருளின் பேக்கேஜைக் கவனித்துவந்தவருக்கு, வால்கிரைண்ட் என்கிற சோதனைக் கருவி ஒரு எச்சரிக்கை காட்டியது. மதிப்பு எதுவும் வைக்காத நினைவகத்தைக் கோட் படிக்கிறது என்பது அதன் புகார். அதற்குக் காரணமான வரிகளை எடுத்துவிடலாமா என்று அவர் ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்பர்களிடம் கேட்டார். டீபக் செய்ய (பிழையைத் தேடிக் கண்டுபிடிக்க) உதவும் என்றால் எடுத்துவிடலாம் என்கிற அர்த்தத்தில் பதில் வந்தது. எடுத்தார். எடுத்தவற்றில் ஒரு வரிதான், ரகசியக் கீ உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களுக்கான மூலப்பொருளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அது போன பிறகு கீ எதுவாக அமையும் என்பதைப் பெரும்பாலும் பிராசஸ் எண் (ஓடுகிற புரோகிராமுக்கு சிஸ்டம் தருகிற எண்) ஒன்றே தீர்மானித்தது, அதற்கு 32,768 மதிப்புகள்தான் சாத்தியம். கணிக்கவே முடியாததாக இருக்க வேண்டிய கீகளை ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில் வரிசையாக உருவாக்கிப் பார்த்துவிடலாம் என்கிற நிலை. 2008 மே மாதம் இது வெளியே தெரிந்தபோது டெபியன், அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு என்று அத்தனை இடத்திலும் எஸ்எஸ்எச் கீகளை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படுபவை) தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

இரண்டு பக்கமும் திறமைசாலிகள், இரண்டு பக்கமும் நல்ல எண்ணம். ஒருவர் ஊருக்கெல்லாம் போகப்போகிற பேக்கேஜை மனதில் வைத்துக் கேட்டார், அது கேள்வியில் தெளிவாக இல்லை. இன்னொருவர் டீபக் செய்வதை மனதில் வைத்துப் பதில் சொன்னார். “இதை எங்கே ஓட்டப் போகிறீர்கள்?” என்று ஒரு கேள்வி நடுவில் விழுந்திருந்தால் கதையே வேறு.

தினசரி அளவில் இதே தவறு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். “பெர்மிஷன் எரர் வருகிறதா, 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுங்கள்.” “சர்டிஃபிகேட் எரர் வருகிறதா, வெரிஃபிகேஷனை ஆஃப் பண்ணிவிடுங்கள்.” எரர் உடனே போய்விடும், கேட்டவர் நன்றி சொல்வார், அந்த வரி அப்படியே ப்ரொடக்ஷனுக்கு, அதாவது நிஜ யூசர்கள் பயன்படுத்துகிற சர்வருக்கு, போய்விடும். அங்கே முதல் பதிலின் விளைவாக, அந்த சர்வரில் கணக்கு இருக்கிற எவரும் அந்த ஃபைலில் எழுதலாம், இரண்டாவதன் விளைவாக நடுவில் நிற்கிற ஒருவர் தான்தான் சர்வர் என்று நடிக்கலாம். காரணம் கண்டுபிடிக்க மட்டும், உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் என்று சொல்லிக் கொடுத்தால் பரவாயில்லை. அதைச் சொல்லாமல் கொடுப்பது பாதிப் பதில்.

“ஏன் இன்னும் அந்த லாங்குவேஜில் எழுதுகிறீர்கள், இதற்கு மாறுங்கள்” என்பது பதிலே இல்லை. பத்து வருஷப் பழைய கோடைப் பராமரிக்கிற சம்பளக்காரர் தானாக மாற்றிவிட முடியாது, அது அவருக்கும் தெரியும். “இதுகூடத் தெரியாதா” என்பதையும் விட்டுவிடலாம்.

கிடைத்த பதிலை எடுத்துக்கொள்ளும்போது

நிறைய ஓட்டு வாங்கிய பதில் என்பதால் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. 2010இல், கோட் பற்றிய கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் பைட் எண்ணிக்கையைப் படிக்கிற மாதிரி கேபி, எம்பி என்று மாற்றிக் காட்டும் சின்ன ஜாவா துண்டு ஒன்றை எழுதினார். அந்தத் தளத்திலிருந்து மிக அதிகமாகக் காப்பி செய்யப்பட்ட ஜாவா துண்டு அதுதான் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது, ஆயிரக்கணக்கான ரிப்போசிட்டரிகளில் (கோட் தொகுப்புகளில்) அது இருந்தது. எழுதியவரே பிறகு அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தார், பக் இருந்தது. 9,99,999 பைட் கொடுத்தால் 1.0 எம்பி என்று வராமல் 1000.0 கேபி என்று வரும். 2019இல் அவரே திருத்தி வெளியிட்டார், ஆனால் காப்பி எடுத்தவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்து பார்த்திருப்பார்கள்? எங்கிருந்து எடுத்தோம் என்று கோடில் ஒரு கமென்ட் போட்டு வைப்பதன் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும். அந்தத் தளத்தின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் எடுத்த இடத்தைக் குறிப்பிடச் சொல்கிறது.

பதிலின் தேதியையும் பாருங்கள். பிஎச்பி லாங்குவேஜில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசுவதற்கிருந்த பழைய ஃபங்ஷன்கள் 2015 கடைசியில் வந்த 7.0 வெர்ஷனிலேயே நீக்கப்பட்டுவிட்டன, பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்தது, இரண்டிலும் எழுதிய பதில்கள் இன்னும் தேடலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஏஐயிடம் கேட்டால் வேறு விதமான சிக்கல். இல்லாத ஃபங்ஷனையும் இல்லாத பேக்கேஜையும் கொஞ்சமும் தயங்காமல் சொல்லும். அது அடிக்கடி கற்பனை செய்கிற பெயரில் யாராவது விஷமான பேக்கேஜ் ஒன்றைப் போட்டு வைத்திருந்தால், இன்ஸ்டால் செய்கிற நிமிஷமே மாட்டிக்கொள்வீர்கள். பெயரைத் தேடி, யார் வெளியிட்டது, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்.

வேலை பற்றிக் கேட்கும்போது

தப்பான கோடை ஓட்டினால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். வேலை ஆலோசனை தப்பு என்று தெரிய இரண்டு வருஷம் ஆகும், அதற்குள் சொன்னவர் சொன்னதையே மறந்திருப்பார், கேட்டவரும் திரும்பி வந்து சொல்லமாட்டார். அதனால்தான் சிலர் ஒரே ஆலோசனையைப் பத்து வருஷமாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது பலித்ததா என்று அவர்களுக்கே தெரியாது.

“எந்த லாங்குவேஜ் படித்தால் வேலை கிடைக்கும்?” என்கிற கேள்விக்கு வருகிற பதில்கள் எல்லாம் பதில் சொல்பவர் படித்த லாங்குவேஜாகவே இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அதைவிட, நீங்கள் சேர நினைக்கிற வகையான வேலைக்கு வந்திருக்கிற விளம்பரங்களை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படித்தால், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். ஆட்களிடம் கேட்க வேண்டியது விளம்பரத்தில் இல்லாததை: ஒரு சாதாரண நாளில் என்ன செய்கிறீர்கள், கோட் எழுதுவது எவ்வளவு நேரம், மீட்டிங் எவ்வளவு, இரவில் சர்வர் விழுந்தால் யாரைக் கூப்பிடுவார்கள், உங்கள் டீமில் கடைசியாகச் சேர்ந்த ஜூனியர் எப்படி உள்ளே வந்தார்? இதற்கெல்லாம் அவரிடம் நிஜமான பதில் இருக்கும். “நான் வேலையை மாற்றலாமா” என்று கேட்டால் கருத்துதான் கிடைக்கும்.

கருத்துதான் வேண்டும் என்றால் நிலைமையை மறைக்காதீர்கள். எத்தனை வருஷ அனுபவம், கையில் எத்தனை மாதத்துக்குப் பணம், வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி யார், விசா அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பது தெரியாமல் “மேனேஜர் சரியில்லை என்றால் ராஜினாமா பண்ணிவிடுங்கள்” என்று சொல்வது ரொம்ப சுலபம். சொல்கிறவர் பெரும்பாலும் அப்படி ராஜினாமா செய்து தப்பித்தவராக இருப்பார். அதே காரியத்தைச் செய்து எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவர் அதே ஆர்வத்தோடு வந்து பேசமாட்டார். வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைந்த காலத்தில் உள்ளே வந்தவரின் அனுபவம், ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில் கேட்பவருக்கு அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டைதான். எந்த வருஷம், எப்படிப்பட்ட கம்பெனியில், எத்தனை வருஷ அனுபவத்தோடு என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

சம்பளத்தை ஒப்பிடும்போது எண்ணை மட்டும் கேட்காதீர்கள். ஒருவர் அடிப்படைச் சம்பளத்தைச் சொல்வார், இன்னொருவர் போனஸையும் நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வருகிற பங்குகளையும் கூட்டிச் சொல்வார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மனம் நொந்துபோவதில் அர்த்தமே இல்லை.

திறமையைக் காட்டுகிறேன் என்று கம்பெனி கோடைத் தூக்கிப் பொதுவில் போடுவதும் நடக்கிறது. வேலை ஒப்பந்தப்படி அது பெரும்பாலும் உங்களுடையதே கிடையாது, இன்டர்வியூ எடுப்பவரும் “நாளை எங்கள் கோடையும் இப்படித்தான் போடுவார்” என்றுதான் நினைப்பார். என்ன பிரச்சினை, என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் என்று சொந்த வார்த்தையில் சொன்னால் போதும்.

கடைசியாக ரெஃபரல், அதாவது ஒரு கம்பெனியில் ஏற்கெனவே இருப்பவர் உங்களை அங்கே பரிந்துரைப்பது. “ப்ரோ, உங்கள் கம்பெனியில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்” என்று வருகிற மெசேஜை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, உங்களுக்காகக் காலியிடங்களைத் தேடிப் பொருத்திப் பார்க்கிற வேலையை அவர் செய்யமாட்டார். எந்த வேலை, அதன் லிங்க், ரெஸ்யூமே, அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துகிறீர்கள் என்று மூன்று வரி. அந்த மூன்று வரியை அவர் அப்படியே எடுத்து ரெஃபரல் படிவத்தில் ஒட்டிவிடலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.