பட்டம் பெற்ற பிறகு: மகளிர் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூரில் வாழும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் நான் வேதியியல் படித்தேன். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி இன்று புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. இன்னொருத்தி வங்கித் தேர்வு எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது கிளை மேலாளராக இருக்கிறாள். ஒருத்தி கன்னியாஸ்திரியாகி மலையூர் ஒன்றில் மருந்தகம் நடத்துகிறாள். வேறொருத்தி, படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாரைப் பத்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டு, அவர் காலமான பிறகு 42 வயதில் பி.எட். சேர்ந்தாள். நான் திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தேன். ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே அமில வாடையில் நின்றவர்கள் நாங்கள். ஆனால் ஒருத்தி போன வழியில் மற்றொருத்தி போகவில்லை.

வழி வளைவதில் குற்றமில்லை. வளைந்த பிறகு திரும்பி ஏறுவதற்கான படியை நாமே இடித்துவிடுவதுதான் தவறு. இங்கே நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்தவையும் நானே செய்தவையுமான தவறுகளை, பின்னால் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருப்பது, படிப்பு முடிந்தவுடன் வேலை, வேலையில் படிப்படியான உயர்வு, இடையில் ஒரு நாளும் நிற்காத ஓட்டம் என்ற ஒரே கோட்டைக் கொண்டு எல்லார் வாழ்க்கையையும் அளப்பது. மகளிர் கல்லூரிகளின் வரலாறே இந்த அளவுகோலுக்கு அடங்காது. சென்னையில் 1914-இல் தொடங்கப்பட்ட இராணி மேரிக் கல்லூரியில் படித்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள், மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் தாவரங்களின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு இந்தியாவுக்குத் திரும்பினார். அதே இராணி மேரிக் கல்லூரியில் படித்த கேப்டன் லட்சுமி, 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்று, 1940-இல் நம் சிங்கப்பூருக்கு வந்து, இந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்களுக்காக மருத்துவமனை நடத்தினார். 1943-இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையின் தலைவியானார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் இருந்தனர். போர் முடிந்ததும் கான்பூரில் குடியேறி, தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்துவந்தார். 2002-இல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். மருத்துவர், படைத்தலைவி, மறுபடியும் மருத்துவர், பிறகு வேட்பாளர் என்ற இந்த வரிசையை இன்றைய வேலை விண்ணப்பத்தில் எழுதினால், “ஏன் இத்தனை மாற்றங்கள்?” என்று கேட்கும் அதிகாரி நிச்சயம் ஒருவர் இருப்பார்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மிக எளியதும் மிகுந்த சேதம் விளைவிப்பதுமான தவறு, சான்றிதழ்களை ஊரில் விட்டுவிட்டு வருவது. இறுதித் தேர்வு முடிந்து இரண்டாம் மாதத்தில் எனக்குத் திருமணம். பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகவில்லை. தற்காலிகச் சான்றிதழே போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது ஆண்டுகள் கழித்து இங்கே ஒரு நிறுவனம் அசல் பட்டச் சான்றிதழைக் கேட்டபோது, அப்பா என்னிடம் அதிகாரக் கடிதம் வாங்கிக்கொண்டு, பேருந்து பிடித்துக் கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். சுருட்டி வைத்திருந்த தாள் விரிய மறுத்தது என்றும், அலுவலகத்து மேசையில் இரண்டு பேரேடுகளைப் பாரமாக வைத்து நிமிர்த்தி எடுத்து வந்ததாகவும் அவர் தொலைபேசியில் சொன்னார். அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆகவே பட்டச் சான்றிதழ், ஒவ்வொரு பருவத்துக்குமான மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதோடு இரண்டு சிக்கல்களை நம்மவர்கள் கவனிப்பதில்லை. முதலாவது, பெயர். கல்லூரிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயரோ கணவரின் பெயரோ இருக்கும். திருமணச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். இந்த மூவரும் ஒருவரே என்று காட்டும் ஆவணத்தை வேலை கேட்டுப் போகும் நாளுக்கு முன்பே தயாராக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, பட்டம் வழங்கியது யார் என்ற கேள்வி. தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரியின் பெயரையே எழுதிவிடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான மகளிர் கல்லூரிகளில், கல்லூரி தானே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்தினாலும், பட்டத்தை வழங்குவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான். கோயம்புத்தூரின் அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் போலத் தாமே பட்டம் வழங்கும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் சான்றிதழின் தலைப்பில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறதோ அதையே விண்ணப்பத்தில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பட்டதாரிகள் இங்கே வேலை செய்யப் பெறும் அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பத்தில் கல்வித் தகுதியைக் குறிப்பிட்டால், அது உண்மையானது என்பதற்கான சரிபார்ப்புச் சான்றும் தேவைப்படும் என்பதால், இந்தச் சிறு பிழை பல வாரத் தாமதமாக வளரும்.

அனுமதி பற்றிய தவறு இதைவிடக் கடுமையானது. கணவரின் வேலை அனுமதியை ஒட்டிச் சார்ந்திருப்போர் அட்டையில் வருகிறவர்களில் பலர், “வந்த பிறகு ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துகொள்ளலாம்” என்ற பழைய பேச்சை இன்னும் நம்புகிறார்கள். முன்பு இசைவுக் கடிதம் ஒன்று பெற்றால் போதுமானதாக இருந்தது. 2021 மே 1 முதல் அந்த நிலை மாறிவிட்டது. இப்போது அவர்களும் மற்ற வெளிநாட்டவரைப் போல எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் ஆகிய வேலை அனுமதிகளுள் தகுதியான ஒன்றைப் பெற்றே வேலை செய்ய முடியும். தொழில் நடத்துகிறவர்களுக்கு மட்டும் தனி நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணந்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதத்துடன் வேலை செய்யலாம். தோழி ஒருத்தியின் அனுபவத்தைக் கேட்டு இன்னொருத்தி முடிவெடுப்பது இங்கேதான் ஆபத்தாகிறது, ஏனெனில் இருவரின் அட்டையும் ஒன்றல்ல. அனுமதி இல்லாமல் வீட்டில் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கித் துணைப்பாடம் நடத்துவதும் வேலைதான். அதற்கான தண்டனை 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ ஆகலாம். “நாலு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதில் என்ன இருக்கிறது அக்கா” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் எல்லா வயதுக்கும் ஒன்றல்ல. 2025 ஜனவரியிலிருந்து, நிதித்துறை அல்லாத வேலைகளுக்கு அது 5,600 வெள்ளியில் தொடங்கி, வயது ஏற ஏற உயர்ந்துகொண்டே போகிறது. 26 வயதில் எட்டக்கூடிய தொகை 38 வயதில் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இடைவெளி விட்டவருக்கு அந்தச் சம்பளத்தைத் தர முதலாளிகளும் தயங்குவார்கள். “பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் இந்தத் தொகையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

வேலை விண்ணப்பத்தில் செய்யும் தவறுகளைப் பற்றியே தனியாக எழுதலாம். இடைவெளியை மறைப்பதற்காக ஆண்டுகளை நீட்டி எழுதுவது ஒன்று. கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பொய் மட்டுமே நினைவில் நிற்கும். குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு என்று ஒரே வரியில் நேராக எழுதி, அந்த ஆண்டுகளில் படித்ததையும் தொண்டூழியம் செய்ததையும் அடுத்த வரியில் எழுதினால் போதும். இதைவிட என்னை வருத்துவது, மகளிர் கல்லூரியில் படித்ததையே ஒரு குறைபோல எண்ணிப் பலர் ஒதுங்குவது. “ஆண்களோடு வேலை செய்து பழக்கமில்லையே” என்று நேர்காணலுக்கு முன் கலங்கிய பெண்ணிடம், கல்லூரியில் என்ன செய்தாய் என்று கேட்டேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நூறு பேருக்கு ஏழு நாள் சாப்பாட்டுக் கணக்கு பார்த்ததாகவும், கலைவிழாவுக்கு ஒலிபெருக்கிக்காரர், பந்தல்காரர், காவல் நிலையம் எனப் பேசி அனுமதி வாங்கியதாகவும் சொன்னாள். இவற்றில் ஒன்றுகூட அவள் விண்ணப்பத்தில் இல்லை. பெண்கள் மட்டுமே படிக்கும் இடத்தில் தலைவி, பொருளாளர், மேடை தூக்குகிறவர், மின்கம்பி இழுப்பவர் எல்லாரும் பெண்களே. அங்கே கிடைக்கும் பயிற்சியைச் சொல்லாமல் விடுவது பெரும் இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரில் மகளிர் பல்கலைக்கழகம் இல்லை என்பதால், இங்குள்ள அதிகாரிகளுக்கு அந்தச் சூழல் தெரியாமல் போவதும் உண்டு. ஆனாலும் பெண்களுக்கென்று தனியாகப் படிப்பிடம் அமைக்கும் எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி, 1887-இல் ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில், ஒன்பது இந்தியச் சிறுமிகளுடன் தமிழ்ப் பெண்கள் பள்ளியாகத்தான் தொடங்கியது. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அந்தத் தெரு.

மறுபடியும் வேலைக்குப் போக நினைப்பவர்கள், கண்ணில் பட்ட பயிற்சி வகுப்பில் எல்லாம் சேர்ந்துவிடுவதையும் தவிர்க்க வேண்டும். 40 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல், பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு உதவும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் கூடுதலாக 4,000 வெள்ளி கிடைக்கிறது. அது குடிமக்களுக்கு மட்டுமே, குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே. ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம், “இந்தச் சான்றிதழைப் பார்த்து யார் வேலை தருகிறார்கள்?” என்று கேட்டுவிடுங்கள். தாதிமைப் பட்டம் பெற்றவர் சிங்கப்பூர் தாதிமை வாரியத்தில் பதிவு பெறாமல் தாதியாக வேலை செய்ய முடியாது. இத்தகைய துறைகளில் வேறு பயிற்சிகளில் சேர்ந்து பதிவைத் தள்ளிப்போடுவது காலத்தைத் தின்னும். அதேபோல, பெண் என்றால் ஆசிரியர் வேலைதான் என்று குடும்பம் முடிவுசெய்வதற்கும் தலையாட்ட வேண்டாம். கற்பிப்பதில் விருப்பமுள்ளவர் கற்பிக்கட்டும். ஆய்வுக்கூடத்தை நேசித்தவர் ஆய்வுக்கூடத்தைத் தேடட்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், வீட்டில் நெருக்கடி வந்தவுடன் பதவி விலகல் கடிதத்தை நீட்டுவது மற்றொரு தவறு. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகளின்படி, வீட்டிலிருந்து வேலை, நேர மாற்றம் போன்ற நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை எழுத்து மூலம் கேட்டால், முதலாளி இரண்டு மாதத்திற்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுக்கவும் அவரால் முடியும். ஆனால் கேட்காமலே விலகியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே இருக்க முடிவுசெய்யும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியை மறந்துவிடக்கூடாது. சம்பளம் நின்ற மாதமே அந்தச் சேமிப்பும் நிற்கிறது. மனைவியின் கணக்கில் கணவர் பணம் நிரப்பலாம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை அவருக்கு வரிக்கழிவும் உண்டு. இதைப் பேசுவதில் கூச்சம் தேவையில்லை.

கடைசியாக, பழைய தொடர்புகளை அறுத்துக்கொள்வது. “எல்லாரும் பெரிய பெரிய வேலையில் இருக்கிறார்கள், நான் மட்டும் சும்மா இருக்கிறேன்” என்று எண்ணி வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறியவர்கள் எனக்குத் தெரிந்தே மூவர். அந்தக் குழுவில்தான் பல்கலைக்கழக அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது, நகல் மதிப்பெண் பட்டியலுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்ற செய்திகள் வருகின்றன. பேராசிரியர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். சிலர் மறைந்தும் விடுவார்கள். அவர்கள் இருக்கும்போதே பேசிவிடுங்கள். எங்கள் துறைத் தலைவிக்கு இப்போது 81 வயது. மேற்படிப்புக்கு விண்ணப்பித்த கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்த ஒருத்தி, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கித்தான் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். மறுநாள் காலையில் கோடு போட்ட தாளில் நீல மையால் இரண்டு பக்கம் எழுதி, பேரனை விட்டுப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மூன்றாம் ஆண்டில் அவள் எந்த உப்பைச் சரியாகக் கண்டுபிடித்தாள் என்பது வரை அதில் இருந்தது.