மூன்று ஓட்டையை நம்பாதீர்கள்: ஹேண்ட்லோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ரைஃபிள் போட்டிகளுக்குப் போகிறவர்களில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை, வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கேஸை (தோட்டாவின் கூடு) டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பவுடரைப் பற்றவைக்கும் புதுப் பிரைமர் வைத்து, பவுடரை நிறுத்துப் போட்டு, கேஸின் வாயில் குண்டைப் பொருத்தினால் ஹேண்ட்லோட் தயார். அங்கே இது சாதாரணப் பொழுதுபோக்கு. இந்தியாவில் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் வேண்டும். அதனால் கீழே வருவதெல்லாம் அமெரிக்க மேசைகளின் கதை.

எவ்வளவு பவுடர், குண்டு எவ்வளவு ஆழம் என்று தன் ரைஃபிளுக்குப் பொருத்தமானதைத் தேடுவதுதான் இதில் பெரிய வேலை. இந்தத் தேடலில், தோட்டா செய்யும்போது நடக்கும் தவறுகளைவிட, சுட்ட தாளைப் பார்த்து முடிவு கட்டும்போது நடக்கும் தவறுகளே அதிகம்.

முதல் தவறு மூன்று சுற்று குரூப், அதாவது மூன்றே தோட்டா சுட்டுத் தாளில் விழுந்த ஓட்டைக் கூட்டத்தை வைத்து முடிவு கட்டுவது. ஐந்து விதமான பவுடர் அளவு, ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா, நூறு கஜத்தில் சுடுகிறார்கள். எந்த மூன்று ஓட்டைகள் நெருக்கமாக விழுந்தனவோ அதுதான் 'நல்ல லோட்' (பவுடர், குண்டு அளவுகளின் சேர்க்கை) என்று எழுதிவைத்துக்கொள்கிறார்கள். ஐந்தும் உண்மையில் ஒரே தரமாக இருந்தாலும் ஏதோ ஒன்று ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? மூன்று இன்னிங்ஸைப் பார்த்து ஒரு பேட்ஸ்மேனின் சராசரியைச் சொல்வது போலத்தான் இது. மூன்று சுற்று குரூப்பைச் சராசரியாக ஓர் அங்குல அகலத்தில் போடும் துப்பாக்கி, பத்துச் சுற்றில் ஏறக்குறைய 1.6 அங்குலம் போடும். எதுவும் கெட்டுப்போகவில்லை, சுற்று கூடக் கூட ஓரத்தில் விழும் குண்டுக்கும் வாய்ப்புக் கூடுகிறது, அவ்வளவுதான். அதே துப்பாக்கி, அதே தோட்டா, ஒரு தடவை அரை அங்குலமும் அடுத்த தடவை ஒன்றரை அங்குலமும் காட்டுவதும் சகஜம். அந்த அரை அங்குலத் தாளைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிற ஆள் ஒவ்வொரு ரேஞ்சிலும் உண்டு. ஒன்றரை அங்குலத் தாள் நேரே குப்பைத்தொட்டிக்குப் போகும்.

விலகி விழுந்த ஓட்டையை 'ஃப்ளையர்' என்று கணக்கிலிருந்து தள்ளுவதும் இதே ரகம். விசை இழுத்த கணத்திலேயே, தாளைப் பார்க்கும் முன்பே, "இது என் தப்பு" என்று சொல்லியிருந்தால் தள்ளலாம். பார்த்த பிறகு சொன்னால் அது சமாதானம். லோடு ஒன்றுக்குக் குறைந்தது பத்துச் சுற்று சுட வேண்டும். குண்டும் பிரைமரும் விற்கிற விலைக்கு அது வலிக்கும்தான். அப்படியானால் ஐந்து லோடை விட்டுவிட்டு இரண்டே லோடை ஒழுங்காகச் சோதிப்பது மேல்.

வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபிலும் அதே வலை விரித்திருக்கிறது. ஐந்து சுற்றில் வேகத்தின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) நொடிக்கு 10 அடி என்று திரை காட்டினால், உண்மையான எண் 6 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். புள்ளியியல் பாடத்தில் வரும் 95 சதவீத நம்பக எல்லைதான் இது. இருபது சுற்று சுட்டால்கூட 8 முதல் 15 வரை என்றுதான் சொல்ல முடியும். பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வோர் அளவிலும் ஒரே ஒரு தோட்டா சுட்டு, வரைபடத்தில் வேகம் ஏறாமல் 'தட்டையாக' நிற்கும் இடத்தைத் தேடுபவர்கள் இதை யோசிப்பதில்லை. அதே சோதனையை அடுத்த வாரம் திரும்பச் செய்து பாருங்கள்; தட்டை வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

சரி, வேகம் ஒரே சீராக இருப்பது யாருக்கு முக்கியம்? ஆயிரம் கஜத்தில் சுடுபவருக்கு. ரைஃபிளைத் தாங்கியில் வைத்துத் தொலைதூரம் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் அந்தத் தூரத்துப் பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம், உள்ளே இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். 6.5 கிரீட்மோர் என்ற ரகத் தோட்டாவின் குண்டு வேகம் நொடிக்கு 10 அடி மாறினால் அங்கே அது இரண்டரை, மூன்று அங்குலம் மேலோ கீழோ விழும். நூறு கஜத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 6 பிபிசி என்ற ரகத் தோட்டாவை வைத்து நூறு, இருநூறு கஜ பெஞ்ச்ரெஸ்ட் (மேசைமேல் ரைஃபிளைத் தாங்கிவைத்துச் சுடும் போட்டி) சுடுபவர்கள் பலர் பவுடரை நிறுக்கக்கூட மாட்டார்கள், கைப்பிடியைச் சுழற்றி அளவையில் கொட்டிக்கொள்வார்கள். அவர்களுடைய குரூப் ஒரே ஓட்டை போலத்தான் இருக்கும். ஆக, எந்தத் தூரத்துக்குச் சுடுகிறோம் என்று தெரியாமல் தராசோடு மல்லுக்கட்டுவது வீண்.

தராசிலும் ஒரு விஷயம் உண்டு. சாதாரண மின்தராசு 0.1 கிரெயின் வரைதான் காட்டும். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். மேலே மின்விசிறி ஓடினாலோ, தராசின் சுவிட்ச் போட்ட உடனே எடை போட்டாலோ எண் நகரும். தராசை அரைமணி நேரம் ஓடவிட்டு, சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தோட்டாவின் நீளத்தைக் குண்டின் நுனியிலிருந்து அளப்பது இன்னொரு பழக்கம். ஒரே பெட்டியில் உள்ள குண்டுகளின் நுனியே ஒன்றுக்கொன்று ஒத்துவராது. குழலின் உட்சுவரில் உள்ள சுருள் வரிகளான ரைஃபிளிங்கைத் தொடப்போவது நுனியும் இல்லை, அதற்குக் கீழே உள்ள வளைவு. கம்பேரட்டர் என்ற சின்னத் துண்டைக் காலிப்பரில் மாட்டி அந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும். குண்டை ரைஃபிளிங்கில் முட்டும்படி பொருத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அழுத்தம் ஏறும். சுடாமல் வெளியே இழுத்தால் குண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டு, பவுடர் முழுவதும் துப்பாக்கியின் இயங்குபகுதியான ஆக்‌ஷனுக்குள் கொட்டும்.

கேஸை டையில் அழுத்தும்போது தோள்பகுதியை (கழுத்துக்குக் கீழே கேஸ் அகலும் சரிவு) அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிவிடுவது பலருக்குத் தெரியாமலே நடக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்கு போதும். டை பெட்டியில் உள்ள குறிப்பை அப்படியே பின்பற்றி அடிவரை திருகினால் இதைவிடப் பல மடங்கு தள்ளிவிடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலியும். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால், ஒரு கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கேஸ் குப்பைக்கு. அடுத்த தடவை தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே இரண்டாகப் பிரியலாம்.

இனி, உயிரோடு விளையாடும் தவறுகள். எச் 4350, ஐஎம்ஆர் 4350 என்று இரண்டு பவுடர் இருக்கிறது. எண் ஒன்றுதான், பவுடர் வேறு; ஒன்றின் அட்டவணையை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். அளவை நண்பர் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளாமல், பவுடர் நிறுவனம் வெளியிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஏறிப் போங்கள். ராணுவ 7.62 கேஸ்கள் பொதுவாகச் சுவர் தடித்தவை, உள்ளே இடம் குறைவு; ஏறக்குறைய அதே அளவுள்ள .308 வின்செஸ்டர் கேஸில் சரியாக இருந்த அளவு அதில் அழுத்தத்தை ஏற்றிவிடும். கேஸ் மாறினால் மறுபடி தொடக்கத்திலிருந்துதான்.

"பிரைமர் தட்டையாகவில்லை, அதனால் பத்திரம்" என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். .308க்கு வரையறுத்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பிரைமரின் முகம் அழுத்தமானி கிடையாது. போல்ட் தூக்கக் கனக்கும்போதும், கேஸின் அடியில் எஜெக்டர் (காலிக் கேஸை வெளியே தள்ளும் பாகம்) தடம் விழும்போதும் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பீர்கள். குளிர்காலத்தில் உச்சத்தை ஒட்டிச் செய்த லோடு, ஜூலை வெயிலில் சூடான சேம்பரில் ஒரு நிமிடம் காத்திருந்தால் வேறு தோட்டாவாகிவிடும்.

கடைசியாக ஒன்று. புதுக் குழலில் முதல் நூறு, இருநூறு சுற்றுக்குள் வேகம் தானாகவே கொஞ்சம் ஏறுவது வழக்கம். அதற்கு முன் கண்டுபிடித்த லோடு நிலைக்காது. அப்புறம் சுடச்சுட ரைஃபிளிங்கின் தொடக்கம் தேய்ந்து முன்னால் நகர்ந்துகொண்டே போகும். சில நூறு சுற்றுக்கு ஒரு தடவை கம்பேரட்டரை எடுத்து அந்தத் தூரத்தை மறுபடி அளந்து, தேதியோடும் சுற்று எண்ணிக்கையோடும் குறித்துவையுங்கள். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த லோடு திடீரென்று சிதற ஆரம்பித்தால் பவுடரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.