மிலானிலிருந்து பெர்னினா மலை ரயிலில் சுவிட்சர்லாந்துக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

காலையில் மிலானில் ரயில் ஏறினால் மாலைக்குள் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் இறங்கிவிடலாம். இடையில் மூன்றே ரயில்கள். முதல் ரயில் ஏரிக்கரையோரம் போகும். இரண்டாவது, ஆல்ப்ஸ் மலையின் முதுகில் ஏறும். மூன்றாவது, மலையைக் குடைந்து சுற்றிச் சுற்றி இறங்கும். இத்தாலியிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு இதைவிட வேகமான ரயில்கள் உண்டு. ஆனால் அவை நீண்ட சுரங்கப்பாதைக்குள் புகுந்து மறுபக்கம் வருபவை. மலையைப் பார்க்க வேண்டுமென்றால் இத்தாலியின் எல்லை ஊரான திரானோ வழிதான்.

பலரும் இந்தப் பயணத்தைக் கண்ணாடிக் கூரை வைத்த 'பெர்னினா எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில்தான் அறிந்திருப்பார்கள். அதில் இடம் கிடைக்கவில்லை என்று பயணத்தையே கைவிட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதே தண்டவாளத்தில், அதே பள்ளத்தாக்கு வழியாக, ஏறக்குறைய மணிக்கொரு முறை சாதாரண ரயிலும் போகிறது. முன்பதிவு வேண்டாம். நடுவழியில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். முதல்முறை போகிறவருக்கு இதுவே மேல் என்பது என் முடிவு.

படி 1: விசா

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2008 முதல் ஷெங்கன் என்ற பொது விசாப் பகுதியில் இருக்கிறது. ஆகவே ஒரே ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமானால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாட்களுக்குள் போய் நிற்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

இந்த ரயில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை புல்வெளியும் நீல ஏரியும். அக்டோபரில் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாகி உதிரத் தொடங்கும். எனக்குப் பிடித்த காலம் அதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் வெள்ளை. ஏரி எது, கரை எது என்றே தெரியாது.

குளிர்காலத்தில் பலரும் மறக்கும் ஒன்று பகல் வெளிச்சம். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மொத்தப் பயணம், இடைநிறுத்தங்களோடு, ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கடைசிப் பகுதியில் உங்கள் முகத்தைத்தான் ஜன்னலில் பார்த்துக்கொண்டு வருவீர்கள். முந்தைய இரவே திரானோவில் தங்கிவிடுங்கள். மிலானைவிட அறை வாடகை பெரும்பாலும் குறைவு.

படி 3: டிக்கெட்

இதில்தான் குழப்பம் அதிகம். பயணத்தை இரண்டாக வெட்டிப் பாருங்கள்.

மிலான் முதல் திரானோ வரை இத்தாலிய வட்டார ரயில். கட்டணம் குறைவு. அன்று காலை வாங்கினாலும் அதே விலைதான். இருக்கை எண் கிடையாது. காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் இருக்கும் சிறிய பெட்டி போன்ற இயந்திரத்தில் அதைச் செருகித் தேதி முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட், கையில் இருந்தும் இல்லாததற்குச் சமம். அபராதம் உண்டு.

திரானோ முதல் கூர் வரை ரேட்டியன் ரயில்வே என்ற சுவிஸ் ரயில் நிறுவனம். இரண்டாம் வகுப்பில் முழுக் கட்டணம் ஏறக்குறைய 65 முதல் 70 சுவிஸ் பிராங்க் ஆகும். அந்த டிக்கெட் அன்று முழுவதும் செல்லும். வழியில் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் திரானோவிலிருந்தே அது செல்லுபடியாகும். மிலான் பகுதிக்குச் செல்லாது. பாஸ் இல்லையென்றால் 'சேவர் டே பாஸ்' என்ற ஒருநாள் சீட்டின் விலையைச் சுவிஸ் ரயில்வேயின் செயலியில் பாருங்கள். ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

எக்ஸ்பிரஸில்தான் போவேன் என்பவர்கள் கவனிக்க: டிக்கெட்டோ பாஸோ இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். கோடையில் வார இறுதி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் ஜன்னல்கள் பெரியவை, திறக்க முடியாதவை. நீங்கள் எடுக்கும் பனிமலைப் படத்தில் எதிர் இருக்கைக்காரரின் சட்டையும் விழும். சாதாரண ரயிலிலோ, பின்னால் கோத்திருக்கும் பழைய பெட்டிகளில் பல சமயம் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்க முடியும்.

படி 4: மிலான் – திரானோ

மிலான் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு ரயில். பயணம் இரண்டரை மணி நேரம். காலை எட்டரைக்குள் புறப்படும் வண்டியைப் பிடியுங்கள். ஏறியதும் இடப்பக்கம் உட்காருங்கள். லெக்கோ தாண்டியதும் கோமோ ஏரி அந்தப் பக்கம்தான் வரும். ஒரு சுரங்கம், சிறிது ஏரி, மறுபடி சுரங்கம் என்று வரென்னா, பெல்லானோ வழியாகக் கோலிகோ வரை இந்தக் கண்ணாமூச்சி நீடிக்கும்.

அதன் பிறகு வால்தெல்லினா பள்ளத்தாக்கு. மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான திராட்சைத் தோட்டங்கள். இந்த வட்டாரத்தின் உணவான 'பிட்சோக்கெரி' சைவக்காரர்களுக்கு ஒரு வரம். பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த பட்டையான பாஸ்தாவுடன் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டி, வெண்ணெயில் பொரித்த பூண்டு எல்லாம் சேர்ந்தது. பக்கத்திலேயே 'பிரசாவோலா' என்றும் எழுதியிருப்பார்கள். அது உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி.

படி 5: திரானோவில் மாறுவது

இத்தாலிய நிலையமும் ரேட்டியன் ரயில்வேயின் நிலையமும் ஒரே சதுக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சில நிமிட நடைதான். எல்லைச் சோதனை எப்போதாவது நடக்கும். கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் புதைத்துவிடாமல் கைப்பையில் வையுங்கள். குடிநீரும் மதிய உணவும் இங்கேயே வாங்கிவிடுங்கள். எல்லை தாண்டியதும் விலை கண்ணைக் கட்டும்.

பெட்டி சிறியதாக இருக்கட்டும். வீட்டையே அடைக்கும் அளவிலான பெட்டிக்குச் சாதாரண ரயிலில் இடம் தேடுவது கடினம்.

படி 6: ஏற்றம்

ரயிலில் ஏறியதும் எந்தப் பக்கம் உட்காருவது? திரானோவிலிருந்து போகும்போது இடப்பக்கம். நான் முதல்முறை காலியாக இருந்ததே என்று வலப்பக்கம் உட்கார்ந்தேன். பனியாறு வந்த நேரத்தில் என் ஜன்னலில் பாறைச்சுவர். எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி புறப்பட்ட சில நிமிடத்தில் தெருவுக்குள் நுழையும். திரானோவின் மாதா பேராலயத்துக்கு முன்னால், கார்கள் ஒதுங்கி நிற்க, டிராம் போலக் கடக்கும். அடுத்து பிருசியோ. ஒன்பது வளைவுகள் கொண்ட ஒரு கற்பாலம் வட்டமாக வளைந்து நிற்கிறது. ரயில் முதலில் அந்தப் பாலத்துக்கு அடியில் நுழைந்து, புல்வெளியில் முழு வட்டமடித்து, அதே பாலத்தின் மேல் வந்து போகும். முன்பெட்டியை உங்கள் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். குறுகிய இடத்தில் உயரம் ஏறக் கண்டுபிடித்த வழி இது.

பிறகு வரும் போஸ்கியாவோ ஏரி மட்டும் வலப்பக்கம். சிறிது நேரம் எட்டிப் பாருங்கள், போதும்.

போஸ்கியாவோ ஊர் 1,014 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டியதும்தான் உண்மையான ஏற்றம். வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏற, கீழே அதே ஊர் ஒவ்வொரு முறையும் சிறிதாகிக்கொண்டே போகும். திரானோவின் உயரம் 429 மீட்டர். உச்சியான ஒஸ்பிட்சியோ பெர்னினா 2,253 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறும் உயரத்துக்கு ஏறக்குறைய சமம். நம் நீலகிரி ரயிலும் இதுவும் மீட்டர் கேஜ் பாதைதான், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நீலகிரி 2005இல் சேர்ந்தது, இது 2008இல். வேறுபாடு ஏற்றத்தில்தான். நீலகிரியில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பதால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது. அங்குள்ள பழைய பல்சக்கர எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவைதான். பெர்னினாவில் 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏற்றம். 1910இல் முழுப்பாதையும் திறந்தபோதே மின்சாரத்தில், பல்சக்கரம் இல்லாமல், வெறும் சக்கரப் பிடிமானத்தில் ஏறியது. இன்றும் அப்படித்தான்.

படி 7: ஆல்ப் க்ரூமில் இறங்குங்கள்

எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 2,091 மீட்டர் உயரத்தில் கல்லால் கட்டிய ஒரு சிறு நிலையம். கார் வரச் சாலை கிடையாது. ரயிலில் வரலாம், அல்லது நடந்து வரலாம். வண்டி போனதும் ஒரு நிமிடத்தில் மனிதச் சத்தம் அடங்கிவிடும். எதிரே பாலூ பனியாறு, அதிலிருந்து விழும் நீரின் இரைச்சல், கீழே நீங்கள் ஏறிவந்த பள்ளத்தாக்கு முழுவதும். அடுத்த ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரும். எக்ஸ்பிரஸில் வருபவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் கிடையாது.

குளிருக்கு ஒரு மேல்சட்டை அவசியம். ஜூலையில் திரானோவில் வியர்த்துக்கொண்டு ஏறியவர் இங்கே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

ஒரு சிறு எச்சரிக்கை. இந்தப் பாதையின் பல சிறு நிலையங்களில், பயணி பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும். பெட்டிக் கதவருகே இருக்கும் பொத்தானை முன்கூட்டியே அழுத்துங்கள். சிறு நிலையத்தில் ஏறுவதற்கும் நடைமேடையில் அதேபோல் ஒரு பொத்தான் இருக்கும்.

படி 8: உச்சியும் அதற்கப்பாலும்

அடுத்த வண்டியில் ஏறி மறுபடி இடப்பக்கம். சில நிமிடத்தில் லாகோ பியான்கோ, அதாவது வெள்ளை ஏரி. பனியாறு அரைத்த பாறைத் துகள் கலந்திருப்பதால் கோடையில் நீர் பால் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். அதன் வடக்கே லேய் நாய்ர் என்ற கருப்பு ஏரி. இரண்டுக்கும் இடையே அதிக தூரமில்லை. ஆனால் வெள்ளை ஏரியின் நீர் தெற்கே இறங்கிப் போ ஆறு வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. கருப்பு ஏரியின் நீர் இன் ஆற்றிலும் டான்யூபிலும் கலந்து கருங்கடலுக்குப் போகிறது.

பிறகு இறக்கம். மோண்டெபெல்லோ வளைவில் மோர்டெராட்ச் பனியாறும் 4,049 மீட்டர் உயரப் பிட்ஸ் பெர்னினா சிகரமும் தெரியும். அது சில நொடிகள்தான். கேமராவைத் தயாராக வையுங்கள்.

செயின்ட் மோரிட்ஸில் வண்டி மாற வேண்டும். 1928, 1948 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், பணக்காரர்களின் ஊர். ஏரிக்கரையில் பத்து நிமிடம் நடந்தால் எனக்குப் போதும்.

படி 9: செயின்ட் மோரிட்ஸ் – கூர்

மூன்றாவது ரயில், ஆல்புலா பாதை, இரண்டு மணி நேரம். களைத்துப்போய் இங்கே தூங்கிவிடுகிறவர்கள் அதிகம். தூங்காதீர்கள். ஆல்புலா சுரங்கம் தாண்டி பிரேடாவிலிருந்து பெர்கூன் வரை நேர்த்தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். ஆனால் 400 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருப்பதால் தண்டவாளம் 12 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மலைக்குள்ளேயே சுருள்சுருளாகத் திரும்பி வெளியே வரும்போது, பெர்கூன் தேவாலயம் ஒரு முறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் தெரியும். குளிர்காலத்தில் இந்த மலைச்சாலையை மூடிச் சறுக்குவண்டிப் பாதையாக்கிவிடுவார்கள். பெர்கூனில் சறுக்குவண்டியோடு ரயிலேறி, பிரேடாவில் இறங்கி, சறுக்கிக்கொண்டே மீண்டும் பெர்கூன் வந்து சேர்வார்கள். 2022 அக்டோபரில் 100 பெட்டிகளை இணைத்து 1,910 மீட்டர் நீள ரயிலை ஓட்டி உலக சாதனை செய்ததும் இந்தப் பாதையில்தான்.

பிலிசூர் நிலையம் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலுக்குப் போங்கள். சுரங்கத்திலிருந்து வெளிவரும் ரயில் நேராக 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தின் மேல் வந்து நிற்பது போல் இருக்கும். பாலம் வளைவாக இருப்பதால் முன்பெட்டிகளும் தூண்களும் ஒரே படத்தில் விழும்.

புறப்படும் முன்

முந்தைய நாள் மாலை செயலியில் கால அட்டவணையை மறுபடி பாருங்கள். பராமரிப்பு நடக்கும் நாட்களில் ஒரு பகுதிக்கு ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். ஆண்டு அட்டவணை டிசம்பர் நடுவில் மாறும். பழைய நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

கூரிலிருந்து சூரிச் ஒன்றேகால் மணி நேரம், வண்டிகள் அடிக்கடி உண்டு. இந்த ஒரு ரயிலில் மட்டும் வலப்பக்கம் உட்காருங்கள். வாலென்சே ஏரியும், பிறகு சூரிச் ஏரியும் அந்தப் பக்கம்தான்.